60,000 ரூபாயில் ஒரு பழைய பட்டாளத்து பிஸ்டல்

கேள்வி: அண்ணா, நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஐடி வேலை. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து பர்மா வரை போய் வந்தவர். அவர் நினைவாக ஒரு பழைய ராணுவக் கைத்துப்பாக்கி வாங்கி வீட்டில் வைக்க ஆசை. 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். முதலில் வெப்லி ரிவால்வர் தேடினேன், அமையவில்லை. இப்போது சிவாஜிநகர் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒருவர் ஒரு சக்கிமுக்கி பிஸ்டல் காட்டினார். லாக் தகட்டில் (சுடும் பொறியமைப்பு பொருத்திய பக்கத் தகடு) கிரீடம், டவர் என்ற எழுத்து, 1799 என்ற வருடம், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்க முத்திரை எல்லாம் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் சண்டையில் இருந்தது என்கிறார். விசையை இழுத்துப் பொறி பறப்பதையும் காட்டினார். 85,000-ல் ஆரம்பித்து 58,000-க்கு இறங்கி வந்திருக்கிறார். ஆன்டிக் என்பதால் லைசென்ஸ் வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் 10,000 அட்வான்ஸ் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஞாயிறு போனால் போகட்டும், இருநூறு வருடத்துப் பொருள் என்று சொல்லி விற்கிறவருக்கு இரண்டு நாளில் என்ன அவசரம் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பழைய துப்பாக்கிகளையும் வாள்களையும் பரிசோதித்து மதிப்புச் சொல்வதும் கெடாமல் பாதுகாத்துக் கொடுப்பதும் என் தொழில். இந்த ஊரில் இதே மாதிரி பிஸ்டலை இதே மாதிரிக் கதையோடு கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கின்றன, நீங்கள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பொறி பறந்தது என்கிறீர்கள். லைசென்ஸ் வேண்டாம் என்றார் என்கிறீர்கள். இந்த இரண்டும் ஒன்றாகப் போகாது.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் 45-வது பிரிவு என்று ஒன்று உண்டு, அதன் (சி) உட்பிரிவுதான் பழம்பொருள் சேகரிக்கிறவர்களுக்கு நிழல். வழக்கொழிந்த வகை ஆயுதமோ, பழம்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ எதுவானாலும் அது துப்பாக்கியாகப் பயன்பட முடியாததாக இருந்தால் சட்டம் அதற்குப் பொருந்தாது. அதோடு நிற்கவில்லை, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பயன்பட முடியாததாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதாவது வெறும் வயது போதாது. கல்லைப் பிடித்திருக்கும் குதிரை என்ற சுத்தி இழுபட்டு, கல் உரசி, பொறி பறந்து, குழலும் நன்றாக இருக்கிற ஒரு பிஸ்டல் 1799-ல் செய்ததானாலும் போன மாதம் செய்ததானாலும் மருந்து போட்டால் சுடும், அப்படியென்றால் அது துப்பாக்கிதான். கடைக்காரர் பொறியைக் காட்டி விலையை ஏற்றுகிறார், அதே பொறிதான் உங்களை மாட்டி விடும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை.

யூடியூபில் அமெரிக்கர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு 1898-க்கு முந்தையது என்றால் எங்கும் பிரச்சினை இல்லை என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அந்த வருடக் கணக்கு அமெரிக்காவின் 1968 சட்டத்தில் உள்ளது, இன்ஃபன்ட்ரி ரோட்டில் உள்ள நம் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் செல்லாது. இங்கிலாந்திலும் ஆர்வத்துக்காக வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்குத் தனி விலக்கு உண்டு, அதை நம்பி அங்கே ஏலத்தில் எடுத்து இங்கே வரவழைத்தால் பார்சல் சுங்கத்தில் நிற்கும், கேள்வி உங்கள் வீட்டுக்கு வரும்.

நம் ஊரில் 2020-ல் ஆயுத விதிகளைத் திருத்தினார்கள். க்யூரியோ, அதாவது அரிய பழம்பொருள், வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ இடம் மாற்றவோ வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கடைக்காரர் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு பொருள் க்யூரியோவா இல்லையா என்று முடிவு செய்வது அவர் வாய் அல்ல. விதிகளில் வரையறை இருக்கிறது, இந்தத் துப்பாக்கி அதற்குள் வருகிறது என்று காட்டும் காகிதம் அவரிடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இருந்தாலும்கூட கடையிலிருந்து அல்சூருக்குப் பையில் போட்டு மெட்ரோவில் கொண்டு வர முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

கர்நாடகத்தில் இருப்பதால் இன்னொரு கதையும் உங்கள் காதுக்கு வரும், குடகுத் துப்பாக்கி, லைசென்ஸே கிடையாது என்று. குடகர்களுக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் அந்த விலக்கு உண்மைதான், 2029 வரை நீட்டித்தும் இருக்கிறார்கள். ஆனால் விலக்கு அந்த மனிதர்களுக்கு. துப்பாக்கி உங்கள் கைக்கு வந்தால் விலக்கு கூடவே வராது.

வெப்லியை விட்டுவிட்டது நல்லது. ஆசை எனக்குப் புரிகிறது, 1915-ல் வந்த மார்க் 6 கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத பொருள். ஆனால் .380, .455 தோட்டா போடக்கூடிய ரிவால்வர்கள், ராணுவ 9 எம்எம் மற்றும் .45 பிஸ்டல்கள் இவையெல்லாம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட குழல் அளவு (bore) வகை. இரண்டு உலகப்போரிலும் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லி, என்ஃபீல்ட், லூகர், கோல்ட் எல்லாம் அநேகமாக இந்த வரிக்குள் அடங்கிவிடும். சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கே கிடைக்காது, பிடிபட்டால் ஏழு வருடத்தில் தொடங்கி பதினான்கு வரை போகும். யாராவது ஒருவர் தாத்தா பெட்டியில் கிடந்தது என்று குறைந்த விலைக்கு வெப்லி காட்டினால் தொடக்கூட வேண்டாம்.

இப்போது அந்த லாக் தகட்டுக்கு வருவோம். நேரில் பார்க்காமல் ஒரு பொருளைப் போலி என்று நான் சொல்வதில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சரியாக இருந்தால் அந்தத் தகடு தனக்குத்தானே சாட்சி சொல்கிறது. டவர் என்ற எழுத்தும் கிரீடமும் லண்டன் கோட்டையில் இருந்த அரசு ஆயுதத் துறையின் அடையாளம், மன்னரின் படைக்குச் செய்தது. அந்தத் துறை 1764-லேயே லாக்கில் வருடம் பொறிப்பதை நிறுத்திவிட்டது, கல்லுக்குப் பதில் சிறு கேப்பை அடித்துச் சுடும் பர்கஷன் காலம் வந்த பிறகுதான் டவர் என்பதன் பக்கத்தில் மறுபடி வருடத்தைப் பார்க்கிறோம். ஆக டவர் 1799 என்பதே இடிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் வருடம் போட்டது உண்மை, ஆனால் 1799-ல் அதன் முத்திரை சிங்கம் இல்லை. தலையில் 4 போல ஒரு குறியோடு, நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள் இருக்கும், சரக்கு மூட்டைகளில் குத்திய அதே அடையாளம். பின்னங்காலில் நிற்கும் சிங்கம் 1808 வாக்கில்தான் வருகிறது. ஆக மன்னர் முத்திரை, கம்பெனி முத்திரை, இன்னும் பிறக்காத சிங்கம், எழுதக்கூடாத வருடம் எல்லாம் ஒரே தகட்டில். வாங்குகிறவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்வதற்காக யாரோ உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள். அந்த வருடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தெரிகிறது, 1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த நாள், இந்தப் பக்கத்தில் அந்த வருடத்துக்குத் தனி விலை. திப்பு பெயர் சொன்னால் கேட்கவே வேண்டாம். 2015-ல் லண்டனில் திப்புவின் ஆயுதங்கள் ஏலம் போனபோது மொத்தம் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அப்படிப்பட்ட பொருள் 58,000-க்கு சிவாஜிநகரில் உங்களுக்காகக் காத்திருக்காது.

நம் நாட்டில் இன்றும் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்கிறார்கள். வெளிநாடுகளில் பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்களுக்கு ஏற்றுமதியாகிறது, அது நேர்மையான தொழில். அதில் ஒன்று கைமாறி, அமிலத்தில் நனைந்து, சாணியிலோ ஈர மண்ணிலோ சில மாதம் கிடந்து வெளியே வரும்போதுதான் ஆன்டிக் ஆகிறது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கண்ணும் ஒரு சின்ன டார்ச்சும் போதும். அமிலம் பட்ட இரும்பில் துரு எல்லா இடத்திலும் ஒரே அளவில் குழி குழியாக இருக்கும். உண்மையில் வயதானதில் கை படும் இடம் வழுவழுவென்று கருத்திருக்கும், பற்றவைக்கும் துளையைச் சுற்றி மட்டும் அரித்திருக்கும், கட்டைக்குள் மறைந்திருந்த குழலின் அடிப்பக்கம் வேறு நிறத்தில் இருக்கும். ஸ்க்ரூ தலையில் உள்ள வெட்டைப் பாருங்கள், அந்தக் காலத்தில் மெல்லிசாக இருக்கும், இப்போது செய்வது அகலம். எழுத்துகள் அச்சால் ஒரே அடியில் குத்தியவையா, உளியால் கீறியவையா என்று பாருங்கள், கீறியதில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கும். கட்டை எந்த மரம் என்று கேளுங்கள். ஆங்கிலேயர் செய்ததில் பெரும்பாலும் வால்நட், நம் பக்கம் புதிதாகச் செய்கிறவர்கள் சீஷம் போடுவது வழக்கம், தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். குழலில் பர்மிங்காம் சோதனைக்கூட முத்திரை இருந்து தகடு 1799 என்று சொன்னால் அதையும் கவனியுங்கள், அந்தக் கூடமே 1813-ல்தான் வந்தது. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சரக்கு.

இன்னொன்று, இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வாயில் மருந்திட்டுச் சுடும் எந்தப் பழைய துப்பாக்கியையும் விசை இழுத்துப் பார்க்காதீர்கள், பார்க்கவும் விடாதீர்கள். சண்டையிலோ வேட்டையிலோ கெட்டித்து வைத்துச் சுடாமலே பெட்டியில் போட்ட துப்பாக்கிகள் இன்றும் வருகின்றன, உலர்ந்து இருந்தால் கருமருந்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. பார்க்கும் விதம் எளிது. குழலின் வாய் யாரையும், உங்களையும், பார்க்காதபடி திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைக் குழலுக்குள் முட்டும் வரை மெதுவாக விடுங்கள். வாய் விளிம்பில் குச்சி மேல் பென்சிலால் ஒரு கோடு. வெளியே எடுத்து, அந்தக் கோடு விளிம்புக்கு நேராக இருக்கும்படி குழலின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். குச்சியின் நுனி தீ போகும் பக்கத் துளை வரை வர வேண்டும். ஒரு அங்குலமோ ஒன்றரை அங்குலமோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குண்டாக இருக்கலாம், எலி கொண்டு வந்த பஞ்சாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் எடுக்கக் கூடாது, கீழே வைத்துவிட்டு போலீஸுக்குச் சொல்லுங்கள். உங்கள் கடைக்காரர் பொறி காட்டுவதற்கு முன் இதைச் செய்தாரா?

சரி, 60,000 ரூபாயில் என்னதான் வாங்குவது? சின்ன பட்ஜெட்காரருக்கு நம் சட்டம் ஒரு வழியில் உதவியாகவே இருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் குழல் உருப்படியாக இருக்கும் பொருளுக்குத்தான் பணம் கொட்டுவார்கள். குழலின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, வெடித்துக் கிழிந்தது, உள்ளே இறுகிப்போனது எல்லாம் அவர்களுக்குக் கழிவு. உங்களுக்கு வேண்டியதே அதுதான். இனி எந்தக் கொல்லன் வந்தாலும் சுட வைக்க முடியாத அளவுக்குக் குழல் போயிருக்க வேண்டும், ஆனால் லாக் தகடும் முத்திரைகளும் கட்டையும் பித்தளைப் பூண்களும் யாரும் கை வைக்காமல் அப்படியே இருக்க வேண்டும். சட்டத்தின் பக்கமும் சரியாக இருக்கும், விலையும் குறையும், பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு முழுக்க அந்தத் தகட்டிலும் கட்டையிலும்தான் இருக்கிறது. சுவரில் கண்ணாடிக்குள் இருக்கப்போகும் பொருளின் குழலுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஒன்று மட்டும் முக்கியம், காலத்தால் கெட்டதாக இருக்க வேண்டும். நல்ல பொருளை உங்களுக்காக டிரில் போட்டுக் கெடுத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள், நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள். அது சட்டப்படி எங்கே நிற்கும் என்பது ஒரு பக்கம், ஒரு நல்ல பழம்பொருளைக் கொன்ற பாவம் இன்னொரு பக்கம்.

வகை என்று பார்த்தால் சக்கிமுக்கியை விட்டுவிட்டு பர்கஷன் பக்கம் வாருங்கள். 1840-கள், 50-களில் குதிரைப்படைக்கும் கப்பல் படைக்கும் கொடுத்த ஒற்றைக்குண்டு பிஸ்டல்கள் அலங்காரமே இல்லாமல் கனமாக இருக்கும், மருந்தை இடிக்கும் ராம்ராட் கம்பி கழன்று விழாதபடி குழல் வாயில் ஸ்விவல் என்ற சுழல் இணைப்பு வைத்துக் கோத்திருப்பார்கள், பின்புறம் பித்தளைத் தொப்பி. சக்கிமுக்கிக்கு இருக்கும் கவர்ச்சி இதற்கு இல்லாததால் விலையும் இறங்கியே இருக்கும், போலி செய்கிறவர்களுக்கும் இதில் அவ்வளவு ஆசை இல்லை. அதிலும் என் மனதுக்குப் பிடித்தது, சக்கிமுக்கியாகப் பிறந்து பிறகு பர்கஷனாக மாற்றப்பட்டவை. கல் பிடித்த குதிரையை எடுத்துவிட்டு சுத்தியல் மூக்குக் குதிரை போட்டு, மருந்துத் தட்டு இருந்த இடத்தில் கேப் வைக்கும் முலை பொருத்தியிருப்பார்கள், தகட்டில் அடைபட்ட பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் தெரியும். மாற்றிய பொருள் என்று சந்தை இதை மட்டமாகப் பார்க்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒரே துப்பாக்கி இரண்டு தலைமுறைச் சிப்பாய்கள் கையில் வேலை செய்ததற்கான அடையாளம் அது. இதிலும் ஒரு திருட்டு உண்டு. இப்படி மாற்றியதை மறுபடி சக்கிமுக்கியாக்கி விலை ஏற்றுவார்கள், புதுக் குதிரையும் பழைய தகடும் இரண்டு நிறத்தில் இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பணத்தை முழுக்கப் பொருளில் போடாதீர்கள். 60,000 என்றால் 45,000-க்குள் பொருளை முடித்துக்கொள்ளுங்கள். மீதி எழுத்து வேலைக்கும், சார்பில்லாத ஒருவரிடம் காட்டுவதற்கும், பூட்டு உள்ள கண்ணாடிப் பெட்டிக்கும் வேண்டும். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள், அதை வியாபாரமாக விற்கிறவருக்கே தனி லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணோடு, பொருளின் அளவும் முத்திரைகளும் குழலின் நிலையும் எழுதிய பில் கேளுங்கள். ஆன்டிக் பிஸ்டல் ஒன்று என்று எழுதிய துண்டுச்சீட்டு பில் ஆகாது. அப்புறம், வாங்குவதற்கு முன்பே படங்களோடு ஒரு கடிதம் எழுதி நகர போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் ஆயுத லைசென்ஸ் பிரிவில் கொடுத்து, இது 45-வது பிரிவில் வருமா, க்யூரியோ விலக்கில் வருமா, வீட்டுக்கு எப்படிக் கொண்டு போவது என்று கேட்டுப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். வாங்கிய பிறகு அதே கேள்வியைக் கேட்டால் நீங்கள் ஏற்கெனவே வைத்திருப்பவர் ஆகிவிடுவீர்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருக்கத்தான் வேண்டும். எழுத்தில் பதில் வரும் வரை காத்திருக்கத் தயாராக உள்ள வியாபாரியே உங்களுக்கு ஏற்ற வியாபாரி.

காத்திருக்கும் நேரத்தில் உண்மையான பொருள்களைக் கண்ணில் நிறைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போகும்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்து ஆயுதங்கள் இருக்கின்றன, எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன, காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினால் மத்தியானம் கோட்டை வாசலில் நிற்கலாம். உங்களுக்கு அதைவிட நெருக்கமான இடம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸின் சொந்த அருங்காட்சியகம், ராணுவ வளாகம் என்பதால் முன் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

தாத்தா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். சாப்பர்ஸில் ஹவில்தாராக பர்மா போனவர் கையில் பெரும்பாலும் ரைஃபிள்தான் இருந்திருக்கும், மண்வெட்டியும் கண்ணிவெடி தேடும் கருவியும் பாலம் கட்டும் சாமானும் இருந்திருக்கும். ரிவால்வர் அதிகாரிகளுக்கு. 1799-ம் அவர் காலம் இல்லை. பிஸ்டல் ஆசை உங்களுடையது, தாராளமாக இருக்கட்டும், அதற்கு அவர் பெயரைச் சேர்க்கத் தேவையில்லை. அவர் நினைவுக்கு வேண்டுமானால் அவருடைய மெடல்கள், தொப்பி பேட்ஜ், பெல்ட், சம்பளப் புத்தகம் எதுவும் சொந்தக்காரர்கள் வீட்டில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஊரில் அத்தை, பெரியப்பா வீட்டுப் பரண்களில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் அப்படியே எனக்குப் படம் அனுப்புங்கள். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், 60,000-ம் வேண்டாம்.

பிஸ்டல் வாங்கினீர்களானால் அதற்கும் அதே விதி. உப்புத்தாள், பிராஸோ, கறுப்புப் பெயின்ட், வார்னிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. மெல்லிய எண்ணெய் ஒரு துளி துணியில் தொட்டு இரும்பைத் துடைத்து, மேலே ரெனைசன்ஸ் மெழுகு பூசினால் போதும், அருங்காட்சியகங்களிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெறும் விரலால் தொடாதீர்கள், வியர்வை பட்ட இடம் பெங்களூரு மழையில் ஒரே மாதத்தில் சிவக்கும்.

கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். அவருக்கே தெரியாமல் யாரோ அவர் தலையில் கட்டியிருக்கலாம். காகிதம் இருந்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த பொருள் கண்ணில் பட்டால் லாக் தகடு முழுதாக, குழலின் இடப்பக்க முத்திரை, குதிரை இறங்கிய நிலையில் மேலிருந்து, கட்டையின் அடி, இந்த நான்கு படமும் பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.